ஓடாத சிம்பாவை ஓட வைப்பது எப்படி?

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "கேம் இருக்கா?" என்பதுதான். நாமும் பழைய சிடி ஒன்றைத் தேடி எடுத்துப் போடுகிறோம். அது இயங்க மறுக்கிறது. எப்படியோ இயங்க வைத்தால் கண் இமைப்பதற்குள் கதாநாயகன் ஓடி விழுந்து இறக்கிறான். அதையும் சரி செய்தால், இரண்டாவது கட்டத்தைத் தாண்ட முடிவதில்லை. "நான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் போல" என்று கம்ப்யூட்டரை விட்டு விலகிவிடுகிறோம்.

இந்த மூன்று சிக்கல்களுக்கும் நீங்கள் காரணம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு. டிஸ்னியின் அலாவுதீன், லயன் கிங் ஆகிய இரண்டு பழைய விளையாட்டுகளை வைத்து அவற்றைப் பார்க்கலாம்.

பிளாட்பார்ம் கேம் என்றால் என்ன?

பக்கவாட்டில் நகரும் காட்சியில் ஓடி, மேடை விட்டு மேடை தாவி, எதிரிகளைச் சமாளித்து முன்னேறும் விளையாட்டுகளைப் பிளாட்பார்ம் கேம் என்பார்கள். அலாவுதீன் கார்ட்டூன் படம் 1992-ல் வந்தது. அடுத்த ஆண்டே அதை ஒட்டி இரண்டு வெவ்வேறு விளையாட்டுகள் வெளியாயின. செகா கருவிக்கு வந்ததை டேவிட் பெர்ரி தலைமையிலான விர்ஜின் குழு உருவாக்கியது. நின்டெண்டோ கருவிக்கு வந்ததை ஜப்பானின் கேப்காம் நிறுவனம் தயாரித்தது. பெயர் ஒன்றுதான், விளையாட்டு வேறு. செகாவில் அலாவுதீன் கையில் வாள் இருக்கும். நின்டெண்டோவில் வாள் கிடையாது. எதிரியின் தலை மீது குதிக்க வேண்டும். 1994-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது செகா வடிவத்தின் மறுபதிப்பு.

படம் எப்படி விளையாட்டிற்குள் வந்தது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அந்தக் காலக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் திரையின் அளவு பெரும்பாலும் 320 x 200 புள்ளிகள். மொத்தம் 64,000 புள்ளிகள். 256 நிறங்களில் காட்ட ஒரு புள்ளிக்கு ஒரு பைட் வேண்டும். ஆக, ஒரு முழுத் திரைப் படத்திற்கு 64,000 பைட்கள். சினிமா போல விநாடிக்கு 24 படங்கள் என்றால் 15 லட்சம் பைட்களுக்கும் மேல் தேவை.

செகா அலாவுதீன் கார்ட்ரிட்ஜின் மொத்தக் கொள்ளளவு 2 மெகாபைட் மட்டுமே. செகாவில் நிறங்கள் குறைவு என்பதால் மேற்கண்டதில் ஏறக்குறையப் பாதி இடம் போதும். அப்படியும் படத்தை அப்படியே பதிந்தால் மூன்று விநாடிக்குள் இடம் தீர்ந்துவிடும்!

எனவே படத்தைப் பிரித்தார்கள். பின்னணியை 8 x 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக்கி, தரையில் டைல்ஸ் ஒட்டுவது போல, ஒரே கட்டத்தைப் பல இடங்களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார்கள். அசையும் பாத்திரங்களை மட்டும் தனிப் படங்களாக வைத்தார்கள். இவற்றிற்கு ஸ்பிரைட் என்று பெயர். அலாவுதீனுக்கான அசைவுகளை டிஸ்னியின் ஓவியர்களே பென்சிலால் காகிதத்தில் வரைந்தார்கள். அவை கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரப்பட்டு வண்ணம் தீட்டப்பட்டன. அதனால்தான் அலாவுதீன் ஓடி வந்து நிற்கும்போது நிஜப் படத்தைப் பார்ப்பது போலவே இருக்கிறது.

சிக்கல் 1: இயங்கவே மறுக்கிறது

இவை டாஸ் இயக்கத்தில் இயங்கியவை. இன்றைய கம்ப்யூட்டர்களில் இருப்பது 64 பிட் விண்டோஸ். பழைய 16 பிட் புரோகிராம்களை இயக்கும் பகுதி இதில் இல்லை. ஆகவே சிடியில் கீறல் இல்லாவிட்டாலும், கம்ப்யூட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், நேரடியாக இயங்காது.

இதற்கு டாஸ்பாக்ஸ் என்னும் இலவச புரோகிராம் உதவும். விண்டோஸிற்குள் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டரை இது உருவாக்கித் தருகிறது. அதனை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். பின் கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. சி டிரைவில் ஒரு போல்டர் உருவாக்கவும். பெயர் ஆங்கிலத்தில், எட்டு எழுத்துகளுக்கு மிகாமல், இடைவெளி இன்றி இருக்கட்டும். டாஸ் அதற்கு மேல் நீண்ட பெயரை அறியாது.

2. உங்களிடம் உள்ள விளையாட்டின் பைல்களை அதில் காப்பி செய்திடவும். கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இல்லை என்றால் யுஎஸ்பி-யில் இணைக்கும் டிரைவ் போதும்.

3. விளையாட்டைத் தொடங்கும் பைல் .இஎக்ஸ்இ என்று முடியும். அதை மவுஸால் இழுத்து, டெஸ்க்டாப்பில் உள்ள டாஸ்பாக்ஸ் ஐகான் மீது விடவும்.

4. முழுத் திரையில் பார்க்க ஆல்ட் + என்டர் அழுத்தவும். மவுஸ் டாஸ்பாக்ஸிற்குள் சிக்கிக்கொண்டால் கண்ட்ரோல் + எப்10 அதை விடுவிக்கும். உடனே மூட வேண்டுமானால் கண்ட்ரோல் + எப்9.

படம் அகலமாக இழுபட்டு சிம்பா குண்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இந்த விளையாட்டுகள் பழைய டிவி போன்ற 4:3 வடிவ மானிட்டருக்காக வரையப்பட்டவை. இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால்தான் அளவு சரி.

சிக்கல் 2: வேகம் தவறுகிறது

பழைய விளையாட்டுகள் சில, அன்றைய பிராசசரின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. பிராசசர் வேகமானால் விளையாட்டும் தலைதெறிக்க ஓடும். டாஸ்பாக்ஸில் கண்ட்ரோல் + எப்11 வேகத்தைக் குறைக்கும். கண்ட்ரோல் + எப்12 கூட்டும். ஒவ்வொரு முறையாக அழுத்தி, நடை இயல்பாகும் இடத்தில் நிறுத்தவும். லேப்டாப்பில் இந்தக் கீகள் ஒலி அல்லது வெளிச்சத்தை மாற்றினால், எப்என் கீயையும் சேர்த்து அழுத்தவும்.

சிக்கல் 3: இரண்டாவது கட்டம்

லயன் கிங் விளையாட்டை 1994-ல் உருவாக்கியது வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ். முதல் கட்டம் குழந்தைகளுக்கு ஏற்றது. இரண்டாவது கட்டத்தில் நெருப்புக்கோழி மீது சவாரி, ஒட்டகச்சிவிங்கிகளின் தலை மீது தாவல், சிம்பாவைத் தூக்கி எறியும் குரங்குகள் என்று திடீரெனக் கடினமாகிவிடும். எந்தக் குரங்கைப் பார்த்து கர்ஜித்தால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று கண்டுபிடிக்க வேண்டும். வரிசை தவறினால் மீண்டும் ஆரம்ப இடம்தான். பெரியவர்களே இங்கு கைவிட்டார்கள்.

காரணம் என்ன? அன்று அமெரிக்காவில் விளையாட்டுகளைக் கடைகளில் ஓரிரு நாள் வாடகைக்கு எடுக்க முடியும். வாடகை நாளுக்குள்ளேயே முடித்துவிட்டால் யாரும் விலைக்கு வாங்க மாட்டார்களே! அதனால் டிஸ்னி கடினமாக்கச் சொன்னது என்று வெஸ்ட்வுட் நிறுவனர்களில் ஒருவரான லூயிஸ் கேசில் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளை அங்கே தோற்று அழுதால், அது பிள்ளையின் திறமைக் குறைவு அல்ல. ஒரு வியாபாரக் கணக்கு.

ஒரு கிறிஸ்துமஸ் பாடம்

இதே படத்தின் பெயரில் இன்னொரு சிடியும் 1994-ல் வந்தது. அது விளையாட்டு அல்ல, அசையும் கதைப் புத்தகம். கிறிஸ்துமஸ் பரிசாக அதை வாங்கிப் புதிய கம்ப்யூட்டரில் போட்ட பல அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கதை ஓடவில்லை, கம்ப்யூட்டர்தான் நின்றுபோனது. அந்த சிடி நம்பியிருந்த மைக்ரோசாப்டின் வின்-ஜி என்னும் தொகுப்பும், சில கம்ப்யூட்டர்களின் டிஸ்பிளே டிரைவரும் ஒத்துப்போகவில்லை. 1995-ல் மைக்ரோசாப்ட் டைரக்ட்எக்ஸ் தொகுப்பைக் கொண்டுவந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். புதிய விளையாட்டு எதுவும் திரையில் தகராறு செய்தால் முதலில் டிஸ்பிளே டிரைவரை அப்டேட் செய்யுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சிடி இல்லாதவர்களுக்கு

கண்ட தளங்களில் "இலவசம்" என்று கிடைப்பதை டவுன்லோட் செய்ய வேண்டாம். பழையது என்பதற்காகக் காப்புரிமை போய்விடுவதில்லை. கூடவே வைரஸும் வரலாம். முறையான பதிப்புகள் வந்திருக்கின்றன. 2016-ல் ஜிஓஜி தளம் அலாவுதீன், லயன் கிங், ஜங்கிள் புக் மூன்றையும் டாஸ்பாக்ஸ் இணைத்தே வெளியிட்டது. 2019-ல் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் அலாவுதீன், லயன் கிங் இரண்டையும் ஒரே தொகுப்பாகத் தந்தது. இதில் தவறு செய்தால் காட்சியைப் பின்னோக்கி ஓட்டித் திருத்தலாம். மற்றவர் ஆடுவதை வேடிக்கை பார்த்து, விரும்பிய இடத்தில் நாமே ஆட்டத்தை ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். குரங்குகளிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

பயிற்சி

இந்த வாரம் அலாவுதீனை இயக்கி, அவனை ஓரிடத்தில் சும்மா நிற்க விடுங்கள். பின்னணியில் திரும்பத் திரும்ப வரும் கட்டங்களைப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். பிறகு நடக்க விட்டு, தூரத்துக் காட்சி மெதுவாகவும் அருகில் இருப்பது வேகமாகவும் நகர்வதைக் காட்டுங்கள். ஓடும் ரயிலின் ஜன்னலில் பார்ப்பதும் இதுவேதான். விளையாட்டின் ஊடே கம்ப்யூட்டர் எப்படிப் படம் காட்டுகிறது என்பதும் புரிந்துவிடும். அடுத்த முறை ஏதாவது ஓடவில்லை என்றால், "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்காமல், "இது எந்தக் கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.