நிக்கல் முலாமும் பினாங்குக் கடற்காற்றும்

பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டையில் இருக்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கி 1603இல் வார்க்கப்பட்ட டச்சு வெண்கலம். ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கைமாறி, 1871இல் பிரிட்டிஷார் சிலாங்கூரிலிருந்து பறித்து வந்தது. பிள்ளைவரம் கேட்டு அதன் வாயில் பூ வைப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. அதன் பச்சை நிறத்தைப் பார்த்து, "இதை பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்த்தால் என்ன?" என்று கேட்பவர்களோடுதான் வழக்கு. வெண்கலத்தில் இறுகப் பிடித்த கரும்பச்சைப் படலம் அதற்குக் காப்பு. விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். அங்கே உப்பு உலோகத்தைத் தின்கிறது.

தேய்க்கும் ஆசை இன்னும் பெரிய சேதம் செய்வது நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கிகளில். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆகவே வாசகர்களில் மிகச் சிலரிடமே அது இருக்கும். ஆனால் தாத்தாவின் பெட்ரோமாக்ஸ் விளக்கு பரணில் இருக்கிறதல்லவா? அதன்மேல் பளபளப்பதும் பெரும்பாலும் இதே முலாம்தான்.

"நிக்கல் துருப்பிடிக்காது, அதனால் கடலோரத்தில் கவலையே வேண்டாம்." இதுதான் நான் அதிகம் கேட்கும் நம்பிக்கை, பாதி உண்மை என்பதால் ஆபத்தானதும்கூட. நிக்கல் துருப்பிடிக்காது, அடியில் இருக்கும் எஃகு துருப்பிடிக்கும். முலாம் என்பது பெரும்பாலும் 10 முதல் 25 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. நம் வீட்டு ஜிங்க் கூரையில் துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அதற்கு நேர்மாறு. உப்பு ஈரம் துளைக்குள் இறங்கினால் நிக்கல் அப்படியே நிற்கும், அந்தப் புள்ளியில் எஃகு மட்டும் வேகமாக அரிக்கப்படும். பினாங்கின் வெல்ட் கீ கடலோரத்தில் வீசும் காற்றில் ஈரமும் உப்பும் வருடம் முழுவதும் உண்டு. மேலே பளபளப்பு இருக்கும்போதே உள்ளே குழி விழுந்திருக்கும். ஒருநாள் முலாம் கொப்பளித்து உரியும்போதுதான் தெரியவரும்.

அடுத்தது பிராசோ. அதில் தேய்த்தெடுக்கும் நுண்துகளும் உண்டு, அம்மோனியாவும் உண்டு. துகள் முலாமை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவும். அம்மோனியாவின் வேலை வேறு: சில துப்பாக்கிகளில் எஃகுக்கும் நிக்கலுக்கும் நடுவே செம்புப் பூச்சு இருக்கிறது, கீறல் வழியாக இறங்கும் அம்மோனியா அந்தச் செம்பைக் கரைத்துவிடும். பிடிமானம் போன நிக்கல் செதில் செதிலாக எழும்பும். துப்பாக்கிக் குழாயைத் துலக்கும் சில திரவங்களிலும் அம்மோனியா உண்டு; புட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள். செம்புக் கலவைகளுக்கு அம்மோனியா எவ்வளவு பகை என்பதற்குப் பழைய சான்று இந்தியாவில் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தபோது தானாக வெடிப்புவிட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். பெட்ரோமாக்ஸின் தொட்டியும் பித்தளைதான்.

தோலுறையில் போட்டுப் பெட்டியில் வைத்தால் பத்திரம் என்பதும் பொய். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பதனிடும்போது ஏறிய அமிலமும் உப்பும் அதில் தங்கியிருக்கும். உறை அணிந்து எடுத்துச் செல்வதற்கு. மாதக்கணக்கில் வைப்பதற்கு அல்ல.

செய்ய வேண்டியது சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. முதலில் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதி செய்யுங்கள். தொட்டபிறகு கைரேகையை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள், வியர்வையிலும் உப்புதான். பிறகு இலேசான எந்திர எண்ணெயோ மெழுகோ, பூசியது தெரியாத அளவுக்கு. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். லேசாக மங்கினால் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே உரிந்துவிட்டதா? எந்தப் பசையும் அதை ஒட்டாது. பழைய முலாமை முழுக்க நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றலாம். ஆனால் பழம்பொருள் சேகரிப்பவர்கள் அதற்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். கையில் இருப்பது நிக்கலா குரோமா என்ற ஐயம் இருந்தால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: இளமஞ்சள் சாயல் அடித்தால் நிக்கல், நீலம் அடித்தால் குரோம்.