அரெட்சோவில் சுட்ட கோப்பை, அரிக்கமேட்டில் உடைந்த ஓடு

கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறினா அரியாங்குப்பம் வரும். பாண்டி டவுனுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்தான் இருக்கும். அங்கே இறங்கி கிழக்கே ஆற்றுப்பக்கம் போனால் ஒரு மாந்தோப்பு, கொஞ்சம் தென்னை, நடுவுல ஒரு மேடு. அதுதான் அரிக்கமேடு. பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே வரியில் 'ரோமானிய வணிகத் தலம்' என்று படித்து ஒரு மார்க் வாங்கிய அதே இடம். அந்த ஒரு வரி எப்படி எழுதப்பட்டது, அதில் எவ்வளவு சரி, எவ்வளவு அப்புறம் திருத்தப்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை. நம்ம கிள்ளைப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இதில் பாதி விஷயம் கண்ணால் பார்த்தே புரியும்.

முதலில் நிலம். கிள்ளைக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேர்கிறது. தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் உப்பனாறும் கால்வாய்களும் பின்னிப் பின்னி, சுமார் 1,100 ஹெக்டேர் பிச்சாவரம் அலையாத்திக் காடு. கடலுக்கும் காட்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய மணல் திட்டு. கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் உள்ளே கழியில் தண்ணி அமைதியாக இருக்கும். முடசலோடை படகுகள் ஏன் கடற்கரையில் நிற்காமல் உள்ளே வந்து நிற்கின்றன என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இந்தக் கரை முழுக்க இதே கதைதான். சோழமண்டலக் கரையில் மும்பை மாதிரி ஆழமான இயற்கைத் துறைமுகம் கிடையாது. நேர்கோடு போட்ட மாதிரி மணல். கப்பலுக்கு ஒதுங்க இடம் வேணும்னா ஆற்று வாய்தான் ஒரே வழி. அதிலும் நேராகக் கடலைப் பார்த்த வாய் உதவாது. மணல் திட்டுக்குப் பின்னால் ஆறு கொஞ்சம் வளைந்து ஓடணும். அரிக்கமேடு அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுண்ணாம்பாறு, இன்னொன்று அரியாங்குப்பம் ஆறு. இந்த இரண்டாவது ஆறு கடலில் விழுவதற்கு முன் எடுக்கும் வளைவின் கரையில்தான் மேடு. கடல் கிட்டே, ஆனா அலை கிடையாது.

இனி இத்தாலி. டஸ்கனியில் அரெட்சோ என்று ஒரு ஊர். ஒரு குன்றின் சரிவில் உட்கார்ந்திருக்கு. சில கிலோமீட்டர் தள்ளி ஆர்னோ ஆறு. ரோமுக்கு முன்பே எட்ரஸ்கன் மக்களின் முக்கிய நகரங்களில் ஒன்று. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அரேட்டியம். இன்றைக்கும் அங்கே ரோமானிய அரங்கின் சுவர்கள் நிற்கின்றன. (சங்கீதம் கத்துக்கிறவங்களுக்கு ஒரு துணுக்கு: மேற்கத்திய இசையில் ஸ்வரங்களுக்கு பெயர் வைத்துப் பாடும் முறையைப் பரப்பிய கைடோ துறவியின் பெயரோடு ஒட்டியிருப்பது இந்த ஊர்தான்.) ஆனால் கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊர் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது மண்பாண்டத்தில். நைஸான களிமண், பளபளவென்ற சிவப்புப் பூச்சு, அச்சில் அழுத்தி எடுத்த உருவங்கள், அடியில் பட்டறைக்காரனின் முத்திரை. இதற்கு அரெட்டைன் பாண்டம் என்று பெயர். முத்திரை குத்தி மொத்தமாகத் தயாரித்ததால், இதைக் கையால் செய்த கலைப்பொருள் என்பதைவிட ஃபேக்டரி சரக்கு என்று சொல்வதுதான் பொருந்தும். பீசா மாதிரி ஊர்களிலும் கிளைப் பட்டறைகள் இருந்தன.

இந்தச் சரக்கில் ஒரு வசதி உண்டு. அது ஃபேஷனில் இருந்த காலம் ரொம்பக் குறைவு. சுமார் கி.மு. 30-ல் ஆரம்பித்து கி.பி. 50 வாக்கில் அடங்கிவிட்டது. இது எப்படித் தெரியும்? ஜெர்மனியில் ஹால்டர்ன் என்ற இடத்தில் ஒரு ரோமானிய ராணுவ முகாம் இருந்தது. கி.பி. 9-ல் ரோமானியர்கள் பெரிய தோல்வி அடைந்த சமயத்தில் அதைக் கைவிட்டுப் போனார்கள். அங்கே கிடைக்கும் அரெட்டைன் கோப்பைகள் எல்லாம் அந்த வருஷத்துக்கு முந்தியவை. இப்படித் தேதி தெரிந்த இடங்களை வைத்து முத்திரைகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள். நம்ம பாஷையில் சொன்னால், கேலிப்ரேஷன் ஏற்கெனவே முடிந்த ஒரு சென்சார்.

இந்த சென்சார் வங்கக்கடல் ஓரத்தில் கிடைத்த கதைக்கு ஒரு முன்கதை இருக்கு. 1769-ல் லெ ஜான்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் பாண்டிச்சேரி வந்தார். எட்டு வருஷம் காத்திருந்த மனுஷன். அன்றைக்குக் காலை மேகம் மூடிவிட்டது! வானத்தில் எதுவும் பார்க்க முடியாதவர், வீராம்பட்டினம் பக்கம் ஒரு பழைய கல் சிலையையும் செங்கல் இடிபாடுகளையும் பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1937 வாக்கில் ழூவோ துப்ரேய் என்ற பேராசிரியருக்கு, ஊர்ப் பிள்ளைகள் மழைக்குப் பிறகு பொறுக்கிய மணிகளும் சின்னச் சாமான்களும் வந்து சேர்ந்தன. அதில் தலை உருவம் செதுக்கிய ஒரு மணிக்கல்லும் இருந்தது. அது அகஸ்டஸ் சீசர் என்று அவர் முடிவு செய்தார். 1940-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள்.

1944-ல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்தவர் மார்ட்டிமர் வீலர். சென்னை மியூசியத்தில் அரிக்கமேட்டிலிருந்து வந்த ஒரு உடைந்த ஜாடிக் கைப்பிடியைப் பார்த்தவுடனே அது மத்தியதரைக்கடல் ஆம்ஃபோரா என்று அவருக்குப் பிடிபட்டது. ஆம்ஃபோரா என்பது ஒயினும் ஆலிவ் எண்ணெயும் அனுப்பும், கூர் அடியும் இரண்டு கைப்பிடியும் உள்ள உயரமான ஜாடி. 1945-ல் அவர் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். அடுக்கு அடுக்காகத் தோண்டி, எந்த அடுக்கில் எது கிடைத்தது என்று ஒவ்வொன்றையும் பதிவு செய்தார். முத்திரை குத்திய அரெட்டைன் துண்டுகள் அதில் வந்தன.

அந்த நாள் வரைக்கும் தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான கடிகாரமே கிடையாது. கார்பன் டேட்டிங் அப்போது இன்னும் வரவில்லை. பானை இருக்கும், தாழி இருக்கும், ஆனால் எந்த நூற்றாண்டு என்று கேட்டால் ஊகம்தான். இப்போது ஒரு அடுக்கில் இத்தாலிக் கோப்பை இருக்கிறது, அதன் தேதி தெரியும். அதே அடுக்கில் கூடவே கிடந்த உள்ளூர்ப் பானைக்கும் அந்தத் தேதி ஒட்டிக்கொள்கிறது. அரிக்கமேட்டில் கிடைத்த ஒரு தட்டு வகை, அடிப்பகுதியில் வட்ட வட்டமாகப் புள்ளி வரிசை உருட்டியது, ரூலெட்டட் பாண்டம் என்பார்கள். அது வேறு ஊரில் கிடைத்தால் அந்த ஊருக்கும் தேதி. 1947-ல் கர்நாடகத்தில் பிரம்மகிரியில் வீலர் தோண்டியபோது இதே சங்கிலியைத்தான் பிடித்துக்கொண்டு போனார். ஒரு கூடையை நிரப்பாத சிவப்பு ஓடுகளை வைத்து தென்னிந்தியா முழுக்கக் காலவரிசை கட்டினார்கள். எனக்கு அரிக்கமேட்டில் பிடித்த விஷயம் இதுதான். தங்கம் கிடைத்த இடத்தைவிட இது பெரிய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன்.

ஆனால் வீலர் இன்னொன்றும் சொன்னார். ரோமானியர் வந்ததால்தான் இங்கே ஊர் எழுந்தது என்கிற தொனி அவர் எழுத்தில் இருந்தது. அங்கே கிடைத்த சுமார் 150 அடி நீளச் செங்கல் கட்டடம் கிடங்கு என்றார். கூடக் கிடைத்த தொட்டிகள் மஸ்லின் துணிக்குச் சாயம் போட்டவை என்றார். பாடப்புத்தகம் இதை அப்படியே எடுத்துக்கொண்டது.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற ஆய்வாளர் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மறுபடி தோண்டினார். ரோமானியச் சரக்கு வருவதற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டுகள் முன்பிருந்தே இங்கே ஆட்கள் குடியிருந்து வியாபாரம் செய்திருக்கிறார்கள் என்று அவர் காட்டினார். வீலர் மத்தியதரைக்கடலோடு முடிச்சுப் போட்ட ரூலெட்டட் தட்டு இந்தியச் சரக்கு என்று ஆனது. எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷனில் களிமண்ணைப் பார்த்தவர்கள் கங்கைக் கழிமுகப் பக்கத்து மண் என்று சொல்கிறார்கள். அதே தட்டு அழகன்குளத்தில், இலங்கை அனுராதபுரத்தில், இந்தோனேசியாவின் பாலித் தீவில்கூடக் கிடைத்திருக்கிறது. அதாவது கிழக்குப் பக்கம் ஒரு பெரிய நெட்வொர்க் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து வந்த கப்பல்காரர்கள் அதில் ஒரு கனெக்‌ஷன் எடுத்துக்கொண்டார்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேடு இதையே காட்டுது. இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று வரிசையாக மூன்று துறைகளைச் சொல்கிறது. கமராவைக் காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகேயை அரிக்கமேடு என்றும், சோபட்மாவை மரக்காணம் என்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டுக்கும் நடுவில் வருவது நம்ம கிள்ளைக் கரை. இங்கே ஓடிய உள்ளூர்க் கப்பல்களையும் அந்தப் புத்தகம் பெயர் சொல்லிக் குறிப்பிடுது: மரங்களைப் பிணைத்த 'சங்கரா', கங்கைக்கும் அதற்கு அப்பாலும் போகும் பெரிய கப்பல்கள் என்று.

அரெட்சோ கோப்பை இங்கே வந்த வழியை நினைத்துப் பாருங்க. ஆர்னோ ஆற்றுப்பக்கம் இறங்கி கடல், அப்புறம் அலெக்சாண்ட்ரியா, நைல் ஆற்றில் மேலே காப்டாஸ், அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம், செங்கடல் துறை. ஜூலையில் கிளம்பினால் தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் வாக்கில் முசிறிப் பக்கம் கொண்டுவந்து விடும். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தரையிலோ, குமரியைச் சுற்றிக் கடலிலோ இந்தப் பக்கம். ரோமானியக் காசுப் புதையல்கள் பெரும்பாலும் கொங்குப் பக்கமே கிடைப்பதற்கு அந்தக் கணவாயும் ஒரு காரணம்.

ஜாடிகளில் ஒயின், எண்ணெய் தவிர கரும் என்ற மீன் சாறும் வந்திருக்கு. மீனை உப்புப் போட்டு வெயிலில் புளிக்க வைத்து வடிக்கும் குழம்பு. கருவாட்டு ஊருக்கே இறக்குமதி மீன் சாறா! உள்ளூர்க்காரன் இதை வாங்கியிருக்க வாய்ப்பு குறைவு. மேற்கிலிருந்து வந்த சில பேர் இங்கே தங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். சில பேர் தங்கினார்கள், ஊர் அவர்களுடையது கிடையாது. ஓடுகளில் கீறியிருக்கும் பெயர்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது.

போனது என்ன? துணியும் மணியும். மணி விஷயத்தில் மெக்கானிக்கல் பசங்களுக்கு வேலை இருக்கு. அரிக்கமேட்டில் கண்ணாடியை உருக்கி, நடுவில் காற்று இருக்கும்படி ஒரு உள்ளீடற்ற இரும்புக் குழாயில் உருண்டையாகச் சுற்றி, அதிலிருந்து மீட்டர் கணக்கில் மெல்லிய குழலாக இழுப்பார்கள். துளை குழலோடேயே நீண்டு வரும். ஒவ்வொரு மணியாகத் துளை போட வேண்டியதில்லை. குழலைச் சின்னச் சின்னதாக நறுக்கி, துளை அடைபடாமல் இருக்கச் சாம்பலில் புரட்டி, மறுபடி சூடு காட்டினால் ஓரம் மழுங்கி உருண்டை மணி. இந்த இந்தோ-பசிபிக் மணிகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. பீட்டர் பிரான்சிஸ் என்ற மணி ஆய்வாளர் இதன் ஆரம்பத் தொழிற்கூடம் அரிக்கமேடு என்றார். இருபதாம் நூற்றாண்டின் கடைசியிலும் ஆந்திராவில் திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறையில் மணி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலூர் சிப்காட் பக்கத்திலேயே இருக்கும் காரைக்காட்டிலும் பல்கலைக்கழக அகழாய்வில் மணிகளும் ரூலெட்டட் ஓடுகளும் வந்திருக்கின்றன. அரிக்கமேடு தனியாக முளைத்த ஊர் இல்லை என்பதற்கு அது போதும்.

இப்போ பிரச்சினைக்கு வருவோம். எந்த ஆற்று வளைவு துறைமுகத்தைக் கொடுத்ததோ, அதே வளைவின் வெளிக்கரையை வெள்ளம் அறுக்கிறது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்தவங்களுக்குத் தெரியும், வளைவில் வெளிப்பக்கம் வேகம் அதிகம். அரிக்கமேடு என்ற பெயருக்கே 'அரிக்கும் மேடு' என்று ஒரு விளக்கம் சொல்வார்கள், 'அருகன் மேடு' என்பது இன்னொன்று. முதல் ஆய்வாளர்கள் கவனித்த பல செங்கல் வரிசைகள் ஆறு அறுத்த கரையில்தான் தெரிந்தன. ஒவ்வொரு பெருமழைக்கும் கொஞ்சம் போகும்.

இன்னொரு அரிப்பு மனுஷன் செய்வது. மழைக்குப் பிறகு போய் மணி பொறுக்கி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இன்ஸ்டாவில் போடுவது. வீலருக்குத் தேதி கிடைத்தது கோப்பையால் மட்டும் கிடையாது. அந்தக் கோப்பை எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற பதிவால். லொகேஷன் இல்லாத சாம்பிளை லேபில் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டாங்க, இதுவும் அப்படித்தான். பழம்பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லிருந்தே சட்டம் இருக்கு. நம்ம கரையில், கழியோரத்தில், இறால் குட்டை வெட்டும்போது ஏதாவது ஓடோ மணியோ கண்ணில் பட்டால் கையை வைக்காமல் போனில் இடத்தைக் குறித்து, அளவுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் போட்டோ எடுத்து, தாலுகா ஆபீஸில் சொல்லுங்க.

நேரில் போகிறவர்களுக்கு: மேட்டில் நிற்கும் வளைவுத் தூண்களைப் பார்த்து 'ரோமன் கேட்' என்று செல்ஃபி எடுக்காதீங்க. அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் வைத்திருந்த கட்டடத்தின் மிச்சம். அகழ்ந்த குழிகளை மூடிவிட்டதால் மேட்டில் மரமும் புல்லும்தான் தெரியும். சாமான்களைப் பார்க்க பாண்டியில் பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கும் மியூசியத்துக்குப் போகணும். ஆம்ஃபோரா, மணிகள் எல்லாம் அங்கே இருக்கு. மேட்டிலிருந்து கிளம்புமுன் ஆற்றுப்பக்கம் ஒருமுறை போய் நின்று பாருங்க. நம்ம உப்பனாறு மாதிரியே இருக்கும்.