கருங்கல் ஏன் சாம்பலாகிறது?

கேள்வி:

கல்லிடைக்குறிச்சியில் முப்பது ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். தாமிரபரணிக் கரையோரப் படித்துறைகளையும் கல் மண்டபங்களையும் கோயில்களையும் படமெடுத்து, பேரப்பிள்ளைகளுக்கு ஒரு தொகுப்பாக வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசை. அதற்காக என் தம்பி மகன், தான் வைத்திருந்த கேனன் பவர்ஷாட் ஜி7 எக்ஸ் மார்க் 2 கேமராவை எனக்குக் கொடுத்திருக்கிறான். கையடக்கமாக இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது. ஆனால் படங்கள்தான் மனசுக்கு ஒப்பவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களை எடுத்தேன். கன்னங்கரேலென்று இருக்கும் கல், படத்தில் சாம்பல் பூசினாற்போல இருக்கிறது, கலங்கியும் போயிருக்கிறது. பாபநாசம் அகஸ்தியர் அருவியோ கண்ணாடிச் சில்லுகளை வாரி இறைத்ததுபோல விழுந்திருக்கிறது. தலையில் இருக்கும் வட்டத்தில் ஆட்டோ, பி, டிவி, ஏவி, எம், சி, எஸ்சிஎன் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வட்டம், அதில் வெறும் எண்கள். நான் ஆட்டோவைத் தாண்டிப் போனதில்லை. இத்தனையும் எனக்கு வேண்டுமா? பேசாமல் போனிலேயே எடுத்துவிடலாமா?

பதில்:

டீச்சர், நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனுக்குத் திரும்ப வேண்டாம். உங்கள் கையில் இருப்பது நல்ல கேமரா. அதன் சென்சார் 13.2 மில்லிமீட்டர் அகலம், 8.8 மில்லிமீட்டர் உயரம். சாதாரணச் சிறு கேமராக்களில் இருக்கும் சென்சாரைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்பு. மண்டப இருட்டில் அது வாங்கிக்கொள்ளும் வெளிச்சம் அவ்வளவு கூடுதல். லென்ஸும் விரிந்த நிலையில் எஃப் 1.8, முழு ஜூமில் எஃப் 2.8 வரை திறக்கும்; எண் சிறிதானால் திறப்பு பெரிது. இருட்டுக் கோயில்களுக்கென்றே செய்தது மாதிரியான கேமரா அது.

முதலில் அந்தச் சாம்பல் கல்லைப் பார்ப்போம். நீங்கள் வெறும் எண்கள் என்று எழுதியிருக்கும் கீழ் வட்டம்தான் இந்தக் கேமராவில் நான் அதிகம் திருப்புகிற வட்டம். மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை எண்கள் இருக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று அதற்குப் பெயர்.

கேமராவுக்குக் கல் எது, நுரை எது என்று தெரியாது. எதிரே உள்ள காட்சியைக் கூட்டிக் கழித்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்று நம்பி, அதற்கேற்ப வெளிச்சத்தை அளக்கிறது. தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. தெருவோ வயலோ மனிதர்களோ எதிரே இருந்தால் இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். கிருஷ்ணாபுரத்தில் குறவனும் கர்ணனும் வீரபத்திரரும் நிற்கிற தூண்கள் படச் சட்டம் முழுவதையும் கறுப்பால் நிரப்பும்போது, இவ்வளவு இருட்டாக இருக்கிறதே என்று கேமரா பதறி வெளிச்சத்தைக் கூட்டுகிறது. கறுப்பு சாம்பலாவது அங்கேதான். கீழ் வட்டத்தை மைனஸ் 1-க்குத் திருப்புங்கள். கல் கல்லாக வரும். சிற்பியின் உளி விட்ட நரம்புப் புடைப்பும் நகக்கண்ணும் நிழலோடு எழுந்து நிற்கும்.

ஆட்டோவில் இந்த வட்டம் வேலை செய்யாது. ஆட்டோவை விட்டு வெளியே வாருங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

கலங்கலுக்கு வருவோம். உங்கள் குறவன் படத்தோடு பதிவாகியிருக்கும் விவரங்களைத் திறந்து பார்த்தேன். முழு ஜூம், ஷட்டர் 1/10 நொடி. கையில் பிடித்து எடுக்கும்போது ஜூம் எத்தனை மில்லிமீட்டரோ, ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் வரும் நொடியைவிட ஷட்டர் மெதுவாகக்கூடாது என்று பழைய ஸ்டூடியோக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். உங்கள் முழு ஜூம் பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் 100 மில்லிமீட்டர், ஆக 1/100 நொடி. கேமராவில் இருக்கும் நடுக்கம் தாங்கும் அமைப்பால் 1/25 வரை துணிந்து இறங்கலாம். 1/10 தாங்காது. இப்போது மைனஸ் 1 வைத்தீர்களானால் பாதி வெளிச்சமே போதும் என்பதால் அதே இடத்தில் 1/20 கிடைக்கும். கல்லும் கறுக்கிறது, கலங்கலும் குறைகிறது. ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை இரட்டித்தால் 1/40. ஜூமைப் பாதியில் நிறுத்திக்கொண்டு இரண்டடி முன்னால் போனால், லென்ஸ் அகலமாகத் திறப்பதால் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

இதற்கு நீங்கள் வைக்க வேண்டிய மோட் ஏவி. லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள், ஷட்டரை அது பார்த்துக்கொள்ளும். மண்டபத்துக்குள் துளையை முழுதாகத் திறந்து வையுங்கள். ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, மெனுவில் மேல் எல்லையை 1600 என்று கட்டிவிடுங்கள். அதற்கு மேல் போனால் கல்லின் சொரசொரப்பு எது, படத்தின் புள்ளி எது என்று பிரித்தறிய முடியாது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். நேர் எதிரிலிருந்து பாயும் வெளிச்சம் சிற்பத்தின் நிழல்களைத் துடைத்துவிடும், நிழல் போனால் சிற்பம் சுவரில் ஒட்டிய காகிதம்தான். மண்டபத்தின் ஓரத்தில் நின்று, வெளியிலிருந்து பக்கவாட்டில் வரும் வெளிச்சம் தூணில் தடவுகிற நேரத்துக்குக் காத்திருங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் தகும்.

அனுமதி வாங்கிக்கொண்டு எடுத்தேன் என்று எழுதியிருந்தீர்கள், அது எனக்கு நிறைவாக இருந்தது. கோயில்களுக்குள் செல்போனைத் தடுக்கச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு வாசலிலேயே கெடுபிடி அதிகம். கேமராவுக்கும் கோயில் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது.

எஸ்சிஎன் என்பதற்குள் பத்துப் பதினைந்து காட்சிகள் அடங்கியிருக்கின்றன. உங்களுக்கு அதில் உதவக்கூடியது கையில் பிடித்தபடி இரவுக் காட்சி எடுக்கும் மோட். கேமரா சடசடவென்று பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்கிக் கொடுக்கும். தூண் நகராது, அதனால் நன்றாக வரும். ஆள் நடமாட்டம் இருந்தால் பேய் உருவம்போல இரட்டை விழும். நட்சத்திர மோட்களும் அதற்குள் உண்டு. ட்ரைபாடும் அமாவாசையும் ஊர் விளக்கு எட்டாத இடமும் அமைந்தால் முயன்று பாருங்கள்.

அருவிக்கு டிவி மோட். தொலைக்காட்சி என்று நினைத்துவிடாதீர்கள், டைம் வேல்யூ என்பதன் சுருக்கம் அது. இதில் ஷட்டர் நேரத்தை நீங்கள் சொல்வீர்கள், துளையை அது பார்த்துக்கொள்ளும். உங்கள் அருவிப் படம் நண்பகல் வெயிலில் 1/1000 நொடியில் விழுந்திருக்கிறது. தண்ணீர் அந்தரத்தில் உறைந்து சில்லாக நிற்பது அதனால்தான். பட்டுச்சேலையை உதறி விரித்ததுபோல வேண்டுமானால் 1/8 நொடியாவது வேண்டும். வெயிலில் அது நடக்காது. துளையை எஃப் 8-க்குச் சுருக்கி, ஐஎஸ்ஓவை 125-க்கு இறக்கினாலும் 1/500 நொடிதான் வரும். உங்கள் கேமராவுக்குள்ளேயே என்டி ஃபில்டர் என்று ஒரு கறுப்புக் கண்ணாடி ஒளிந்திருக்கிறது. மெனுவில் அதை இயக்கினால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதைப் போட்டும் வெயிலில் 1/60-தான்.

ஆகவே நேரத்தை மாற்றுங்கள். நம் மலை ஆற்றுக்கு மேற்கே இருக்கிறது. காலை வெயில் அருவியின் முகத்திலேயே அடிக்கும். பொழுது சாயும்போது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, ஊரில் இன்னும் வெயில் அடிக்கிறபோதே அருவி நிழலுக்குள் வந்துவிடும். அந்த நிழலில் வெளிச்சம் இன்னொரு எட்டு மடங்கு குறைவு. அப்போது அதே எஃப் 8, ஐஎஸ்ஓ 125, என்டி ஃபில்டரோடு உங்களுக்கு 1/8 நொடி கிடைக்கும். கேமராவைப் பாறைமேல் வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு எடுங்கள். பொத்தானை அழுத்தும் விரலின் அசைவுகூடப் படத்தில் சேராது. கீழ் வட்டம் இங்கே எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். நுரை வெள்ளையாகச் சட்டத்தை நிரப்பினால் கேமரா அதையும் சாம்பலாக்கப் பார்க்கும், பிளஸ் 1/3-ஓ 2/3-ஓ கொடுங்கள். குற்றாலத்திலும் இதே கணக்குதான். சாரலில் மட்டும் வெளியே எடுக்காதீர்கள், இந்த உடம்புக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் காப்பு இல்லை.

டிவி மோடின் அருமை எனக்குத் தேரோட்டத்தில்தான் புரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை நான் வாங்கிய முதல் சின்ன கேமராவில் ஆட்டோவிலேயே எடுத்தேன். அன்று வானம் மூடியிருந்தது, ஷட்டர் மெதுவாகிப்போனது எனக்குத் தெரியவில்லை. தேர் அசையாமல் நின்றது, வடத்தைப் பிடித்த கைகளும் முகங்களும் அத்தனை படத்திலும் குழைந்திருந்தன. எனக்கு வேண்டியவை அந்தக் கைகள்தான். தேருக்கு 1/250 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். ஜூமை முழுதும் விரித்து, வடத்துக்குப் பக்கவாட்டில், கூட்டத்துக்கு வெளியே ஒரு படியில் ஏறி நின்றுகொள்ளுங்கள். இந்தக் கேமராவின் திரை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் சாயும். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியும் சட்டம் பார்த்து எடுக்கலாம்.

கூந்தன்குளம் பறவைகளுக்கு இந்த 100 மில்லிமீட்டர் ஜூம் பற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் ஜூமை நாடாதீர்கள், அது படத்தை வெட்டி ஊதிக் காட்டுகிற வேலை. ஆனால் அங்கே சங்குவளை நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டும். மரமும் ஓட்டுக்கூரையும் நாரையும் ஒரே சட்டத்தில் வருகிற படத்துக்கு உங்கள் லென்ஸ் தாராளம். உங்கள் தொகுப்புக்கு அதுதான் பொருத்தமும்கூட. பின்னால் வானம் வெளுத்திருந்தால் பறவை கருநிழலாகிவிடும், பிளஸ் 1.

பத்தமடைப் பாய் நெய்கிறவர்களைப் படமெடுக்கப் போனால் மேக்ரோவை இயக்குங்கள். விரிந்த நிலையில் லென்ஸ் 5 சென்டிமீட்டர் வரை நெருங்கும், கோரையின் இழை ஒவ்வொன்றும் எண்ணலாம். அவ்வளவு கிட்டே போனால் கேமராவின் நிழலே பாயில் விழும், ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு எடுங்கள். மாலையில் அல்வா விற்கும் இருட்டுக்கடை முன்னால் நின்றால் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியிலிருந்து பகல் வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அந்த மஞ்சள் பல்பின் நிறத்தைக் கேமரா கழுவிவிடும், அல்வாவும் வெளுத்துப் போகும்.

பி மோட் தெருவில் நடக்கும்போது போதும், கீழ் வட்டம் அதிலும் வேலை செய்யும். எம் மோடை இப்போதைக்குத் தொடாதீர்கள். கோப்பு வகையில், கேமரா பதப்படுத்தாத ரா, வழக்கமான ஜேபெக் இரண்டையும் சேர்த்து வையுங்கள். இருபது வருடம் கழித்து உங்கள் பேத்தி நிழலுக்குள் இருக்கும் சிற்பத்தைத் தேட விரும்பினால், ராவில் அது கிடைக்கும். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். உங்கள் படங்கள் எல்லாவற்றிலும் தேதி தவறாக இருக்கிறது. ஊரின் பதிவுக்கு அதைவிடப் பெரிய குறை வேறில்லை. பேட்டரி ஒரு தடவை ஏற்றினால் சுமார் 265 படங்கள் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது, இரண்டாவது பேட்டரி ஒன்று பையில் இருக்கட்டும். ஆற்று மணலில் கேமராவை வைக்க வேண்டாம். லென்ஸ் மடிப்புக்குள் மணல் புகுந்தால் திறக்கவும் செய்யாது, மூடவும் செய்யாது.

கடைசியாக, சி மோட். உங்களுக்கு இதை அதிகம் பரிந்துரைக்கிறேன். நீங்கள் வைத்த மோட், துளை, ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் ஜூம் எங்கே நிற்கிறது என்பதுவரை சேர்த்து அது நினைவில் வைத்துக்கொள்ளும். குறுக்குத்துறை முருகன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் கோயில். வெள்ளம் வருமென்றால் உற்சவரைக் கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்கு எடுத்துப் போவார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, இந்தக் கோயிலும் வெள்ளத்துக்குள் போனது. கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு படிக்கல்லோ மரமோ அடையாளமாக இருக்கட்டும். ஜூமை முழுதும் விரித்து ஏவி, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 125 வைத்து சி-யில் சேமித்துவிடுங்கள். வைகாசியில் பாறை தெரியும்போது ஒன்று, ஐப்பசி மழைக்குப் பின் நீர் ஏறும்போது ஒன்று, தைப்பூசக் கூட்டத்தில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் அதே கல்லில் நின்று வட்டத்தை சி-க்குத் திருப்பினால் அதே சட்டம் கிடைக்கும், ஆறு மட்டும் மாறியிருக்கும். வெள்ள நாளில் கரைக்கு இறங்காதீர்கள், டீச்சர். அன்றைய படத்தை மேட்டிலிருந்து எடுத்தால் போதும். முதல் இரண்டு படங்கள் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள்.