சிப்பித் திட்டும் உயிருள்ள கரையும்

சிப்பி மொலஸ்கா கணத்தைச் சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் வளர்ந்த சிப்பியொன்று, சாதகமான நிலையில், நாளொன்றுக்கு 190 லீற்றர் வரை நீரைத் தன் பூக்களினூடாக வடிகட்டும். அல்காக்கள் அகற்றப்பட நீர் தெளிந்து, கடற்புற்களுக்கு ஒளி கிடைக்கும். (நற்போசணையாக்கம் பற்றிய வினாக்களுக்கும் இது உதவும்.)

மிகை அறுவடை, நோய், சேற்றுப் படிவு என்பவற்றால் அங்கு சிப்பிகள் பெரிதும் அருகின. அறுவடையை நிறுத்தினால் மட்டும் போதாதா? மாணவர் பலர் புள்ளி இழப்பது இங்கேதான். நீந்தித் திரியும் குடம்பி வன்மையான மேற்பரப்பொன்றில் ஒட்டினாலன்றிச் சிப்பியாக வளராது. அதற்கு மிகப் பொருத்தமானது பழைய சிப்பியோடே. அறுவடையுடன் ஓடும் கரையேறிவிட்டது; எஞ்சியது சேறு. எனவே வெற்றோடுகளைச் சேகரித்து, தொட்டிகளில் அவற்றின்மீது குடம்பிகளை ஒட்டவைத்து, நீரடியில் இடுகின்றனர். மேரிலாந்து மாநிலத்தின் ஹரிஸ் கிறீக் கிளையாற்றில் 2015 வரை சுமார் 140 ஹெக்ரெயரில் ஏறத்தாழ 200 கோடி இளஞ்சிப்பிகள் இடப்பட்டன.

கரையோரக் கல்மதில் அலையைத் திருப்பியனுப்புவதால் அதன் அடிமணல் அரிக்கப்படும். சிப்பித் திட்டும் அதன் பின்னால் நாட்டப்படும் சதுப்புப் புல்லும் அலையின் சக்தியைக் குறைத்து, அடையலைத் தேக்கும். இதுவே உயிருள்ள கரை. மேரிலாந்து 2008 இல் இதற்கு முன்னுரிமையளித்துச் சட்டமியற்றியது. கடும் அலை மோதும் திறந்த கரைகளுக்கு இம்முறை பொருந்தாது. விடையில் அதனையும் குறிப்பிடுக.