மரியன்னையின் பாடலில் ஒரு கால வழுவமைதி

நம் அருட்சகோதரிகள் மாலைச் செபத்தில் நாள்தோறும் பாடுவது மரியன்னையின் புகழ்ப்பாடல். லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தில் 46 முதல் 55 வரையுள்ள வசனங்களில் அதைக் காணலாம். மறைக்கல்வி வகுப்பில் அதை நாம் படித்தபோது, காசிமேட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "பசித்தவர்களை ஆண்டவர் நிரப்பினார் என்று மாதா பாடுகிறார்களே டீச்சர். வலை வெறுமையாய் வந்த நாளில் எங்கள் தெருவில் அடுப்பு எரியாதே! 'நிரப்புவார்' என்றல்லவா இருக்கவேண்டும்?"

மொழிபெயர்ப்பில் பிழையோ என்றால், இல்லை. மூலமாகிய கிரேக்கத்திலும் அப்படியே உள்ளது. 51 முதல் 54 வரையுள்ள வசனங்களில் செய்தார், சிதறடித்தார், இறக்கினார், உயர்த்தினார், நிரப்பினார், அனுப்பிவிட்டார், துணைசெய்தார் என்னும் பொருளில் ஏழு வினைமுற்றுகள் வருகின்றன. ஏழும் 'அயோரிஸ்ட்' என்னும் வடிவம். நடந்து முடிந்த செயலை முழுமையாகக் காட்டுவது அது. ஆனால் அன்று ஏரோது அரியணையில்தான் இருந்தான்; ஏழைகள் பசித்துத்தான் இருந்தனர்.

பாடலில் எதிர்காலம் இல்லாமலும் இல்லை. எல்லாத் தலைமுறையினரும் தம்மைப் பேறுபெற்றவர் என்று போற்றுவர் எனும் இடத்தில் எதிர்கால வினையே வருகிறது. மனிதர் செய்யப்போவது எதிர்காலத்தில். இறைவன் செய்வதோ இறந்தகாலத்தில்!

இதை விளங்கிக்கொள்ள நம் தமிழ் இலக்கணமே துணை செய்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலம் வேறொரு காலமாக வரலாம் என்கிறது பவணந்தி முனிவரின் நன்னூல். அம்மா அழைத்தால், தலை பின்னிக்கொண்டே "இதோ வந்துட்டேம்மா" என்கிறோமே, அது விரைவு. எறும்பு முட்டையைச் சுமந்து மேட்டில் ஏறினால் "மழை பெய்தது" என்றே சொல்லிவிடலாம் என்பது தெளிவுக்கு உரைகாரர் காட்டும் சான்று. வானத்தில் துளி விழவில்லை. ஆயினும் அடையாளத்தைக் கண்டவருக்கு ஐயமில்லை.

இஸ்ராயேலுக்கு இறைவன் முன்பு செய்தவற்றையே அன்னை பாடினார் என்பர் சில அறிஞர். இறைவன் என்றும் செய்யும் இயல்பைப் பாடினார் என்பர் வேறு சிலர். வரப்போவதை உறுதியால் நடந்ததாகவே பாடினார் என்பாரும் உண்டு. நமக்கு இம்மூன்றாவது விளக்கம் நெஞ்சைத் தொடுகிறது. திருவயிற்றில் இருந்த குழந்தையே அன்னை கண்ட அடையாளம். எறும்பைக் கண்டவர் மழையைச் சொன்னதுபோல, அவர் விடுதலையைப் பாடினார்.

ஆனால் ஒன்று. "வந்துட்டேம்மா" என்றவள் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தால், அவள் சொன்னது வழுவமைதி அன்று, வெறும் பொய். "நிரப்பினார்" என்று மாலைதோறும் பாடும் நாமும், அடுத்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எழுந்துபோய்ப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா? அந்த மாணவியின் கேள்விக்கு இலக்கணம் பாதி விடை தந்தது. மீதி விடையை நாம்தான் தரவேண்டும்.