கழுவாத உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்கை நறுக்கியதும் தண்ணீரில் போட்டுவிடுவோம். கறுத்துப்போகுமே என்ற கவலை. உருளைக்கிழங்கைப் பாலிலும் க்ரீமிலும் வேகவைத்து ஓவனில் சுடும் ‘கிராத்தேன் தோஃபினுவா’ செய்யும் அன்று மட்டும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் தடவை நான் வழக்கம்போல் இரண்டு தண்ணீரில் அலசிவிட்டுத்தான் அடுக்கினேன். வெந்த கிழங்கு ஒரு பக்கம், பால் ஒரு பக்கமாக நின்றது. கிழங்கில் உள்ள மாவுச்சத்துதான் பாலைக் கஞ்சிபோல் இறுக்கும்; அதைக் கழுவிக் கொட்டிவிட்டால் வேறு எதுவும் கைகொடுக்காது.

இது தென்கிழக்குப் பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலைப் பக்கம் இருந்த பழைய தோஃபினே மாகாணத்துப் பண்டம். 1788 ஜூலை 12 அன்று காப் என்ற ஊரில் நகர அதிகாரிகளுக்கு வைத்த விருந்தில் இது பரிமாறப்பட்டதாகப் பதிவு உண்டு. ‘கிராத்தேன்’ என்ற பெயர், சுரண்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பால் சட்டியின் காந்தலுக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அசல் தோஃபினே முறையில் சீஸ் கிடையாது. சீஸ் போடுவது பக்கத்துச் சவோய் வழக்கம். நான் அங்கிருந்து பாலும் க்ரீமும், இங்கிருந்து சீஸும் எடுத்துக்கொண்டேன். இரண்டு ஊர்க்காரர்களும் கோபித்துக்கொள்ளட்டும்.

நான்கைந்து பேருக்கு: உருளைக்கிழங்கு 1 கிலோ, பால் 400 மில்லி, க்ரீம் 250 மில்லி, துருவிய சீஸ் 100 கிராம், வெண்ணெய் 25 கிராம், பூண்டு ஒரு பல், உப்பு, மிளகுத்தூள், ஜாதிக்காய். புதுக் கிழங்கு வேண்டாம், நீர் விடும். பாலும் க்ரீமும் கொழுப்பு எடுக்காதவையாக இருக்கட்டும். கொழுப்பு குறைந்தால் சூட்டில் திரிந்துபோகும். சீஸில் க்ரூயேர் உத்தமம். ஆனால் சுவிஸ் க்ரூயேரைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்து உறையவைக்கிறார்கள். சைவர்கள் பச்சைப் புள்ளி பார்த்துச் செடாரோ கௌடாவோ வாங்கலாம்.

கிழங்கைத் தோல் சீவி, கழுவித் துடைத்த பிறகே நறுக்குங்கள். வில்லைகள் 3 மில்லிமீட்டர் கனம், எல்லாம் ஒரே கனம். சிப்ஸ் சீவும் கட்டை இருந்தால் வேலை சுலபம், விரல் பத்திரம்.

அடி கனமான பாத்திரத்தில் பால், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள், இரண்டு இழுப்பு ஜாதிக்காய்த் துருவல் சேர்த்துச் சூடானதும் வில்லைகளைப் போடுங்கள். சிறுதீயில் 8 முதல் 10 நிமிடம். அடிக்கடி அடியோடு புரட்டிவிடுங்கள். பால் கெட்டிப்படும்போதே அடிபிடிக்கப் பார்க்கும். கரண்டியைத் தூக்கினால் பால் அதன் முதுகில் மெல்லிய படலமாக ஒட்ட வேண்டும். அப்போது க்ரீமை ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்கிவிடுங்கள். உப்பு பார்க்கும் நேரம் இதுதான். கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும், கிழங்கு இழுத்துக்கொள்ளும்.

ஓவனில் வைக்கும் அகலத் தட்டில் பூண்டை வெட்டிய பக்கமாக நன்றாகத் தேய்த்து, பிறகு வெண்ணெய் தடவுங்கள். கிழங்கைப் பரப்பிக் கரண்டியால் அமுக்குங்கள்; பால் மட்டம் கிழங்குக்குச் சமமாக நின்றால் போதும். முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 160 டிகிரியில் 40 நிமிடம். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் சீஸைத் தூவி, 200 டிகிரிக்கு ஏற்றி, பொன்னிறமாகும் வரை இன்னும் 15 நிமிடம். சீஸை முதலிலேயே தூவினால் கிழங்கு வேகுமுன் அது கருகிவிடும்.

வெளியே எடுத்ததும் உள்ளே குழம்பாகத்தான் தெரியும். பயப்படாதீர்கள். 15 நிமிடம் அப்படியே விட்டால் துண்டு போடும் பதத்துக்கு இறுகும். மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் அலுமினியத் தாள் மூடி ஓவனிலேயே சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் நெய் தனியாகப் பிரிந்துவிடும்.