நேபாளத்துக் கம்லரிப் பெண்கள் – வியாபாரிகள் அறிய வேண்டிய ஒரு பாடம்



சிறு வயதில் ஊர் மதரஸாவில் கொடுக்கல் வாங்கல் பாடம் ஓதியபோது, எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதைத்தான் உஸ்தாத் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். விற்கக் கூடாதவற்றின் வரிசையில் மது வந்தது, பன்றி வந்தது, அவற்றோடு சுதந்திரமான மனிதனும் வந்தான். “மனுஷனை யார் ஹஜ்ரத் விற்கப் போறாங்க?” என்று எங்களில் ஒரு பையன் கேட்டான். உஸ்தாத் அவனை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் பல வருஷம் கழித்துக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குக் கிடைத்தது.

2011-ஆம் வருஷம். நான் அப்போது மாமா கடையில் இருந்தேன். எதிர்க் கட்டிடத்தில் ஜாகா வேலை பார்த்த நேபாளத்துத் தம்பி ஒருவர் எங்களிடம் அரிசி, பருப்பு வாங்குவார். இருவருக்கும் தெரிந்த அரைகுறை மலாயில்தான் பேச்சு. மற்ற மாதங்களில் கடன் சொல்லாத மனிதர், டிசம்பர் கடைசியில் வந்து, இந்த மாதச் சாமான் கணக்கை நிறுத்தி வைக்க முடியுமா, சம்பளம் முழுவதையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். பெருநாள் செலவா என்றேன். “பெருநாள்தான். அதற்குள் பணம் போகாவிட்டால் தங்கச்சியைக் கூட்டிப் போய்விடுவார்கள்” என்றார். யார் கூட்டிப் போவார்கள், எங்கே என்று நான் கேட்கக் கேட்க அவர் சொன்னவற்றையும், பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

நேபாளம் என்றால் நமக்குப் பனிமலைதான் ஞாபகம் வரும். ஆனால் இந்தியாவை ஒட்டி அந்நாட்டின் தெற்கே நீளமாகச் சமவெளி ஒன்று இருக்கிறது. தராய் என்று பெயர். அதன் மேற்குப் பகுதியில் தாங், பாங்கே, பர்தியா, கைலாலி, கஞ்சன்பூர் ஆகிய ஜில்லாக்களில் தாரு என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்து வந்தார்கள். ஒரு காலத்தில் அது கொடிய மலேரியாப் பிரதேசம். மலைநாட்டார் அங்கே இறங்கிவரப் பயந்தார்கள். தாரு மக்களின் உடம்புக்கோ அந்தக் காய்ச்சலைத் தாங்கும் சக்தி ஓரளவு இயற்கையாகவே இருந்தது. 1950-களிலும் 1960-களிலும் டி.டி.டி. மருந்து அடித்து மலேரியாவை அடக்கினார்கள். நல்ல காரியந்தான், தோட்டக் காய்ச்சலில் உற்றாரைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் நாட்டிலும் உண்டு, அதன் அருமை நமக்குத் தெரியும். ஆனால் காய்ச்சல் போனதும் மேலேயிருந்து ஆட்கள் வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிலத்தைத் தங்கள் பேருக்குப் பதிந்துகொண்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத தாரு விவசாயி, தான் உழுத நிலத்திலேயே கூலியானான். கூலி போதாமல் கடனாளியானான். அப்பன் பட்ட கடன் மகன் தலையில் ஏறியது. இப்படிக் கட்டுண்டு கிடந்தவர்களைக் கமையா என்றார்கள். பேரேடு வைத்திருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணக்கை எழுதுகிறவன் ஒருவனாகவும், கடனைச் சுமக்கிறவன் எழுத்தறியாதவனாகவும் இருந்தால் அந்தக் கடன் என்றைக்குத் தீரும்?

2000-ஆம் வருஷம் ஜூலை 17-ஆம் தேதி நேபாள அரசாங்கம் கமையா முறையை ஒழித்து, கடன்களையும் ரத்துச் செய்தது. ஆனால் விடுதலையான பல குடும்பங்களுக்கு ஒதுங்க நிலமில்லை, வீடில்லை. அவர்களில் பலரிடம் மிச்சமிருந்த ஒரே வருமானம் பெண்பிள்ளை. அதற்கு முன்பிருந்தே நடந்துவந்த கம்லரி வழக்கம் அதனால் நிற்காமல் தொடர்ந்தது.

கம்லரி என்றால், வருஷக் கூலிக்குப் பிறர் வீட்டில் விடப்படும் பெண்பிள்ளை. ஆறு, ஏழு வயதிலேயே விடுவார்கள். நம்மவர் பொங்கல் வைக்கும் அதே தை முதல் நாளை ஒட்டி, தாரு மக்களுக்கு மாகி என்ற புது வருஷப் பெருநாள் வருகிறது. பழைய ஒப்பந்தம் முடிந்து புது ஒப்பந்தம் பேசிவந்த நாளும் அதுவே. தரகர்கள் கிராமத்துக்கு வருவார்கள். பிள்ளையை நன்றாக வைத்துக்கொள்வோம், பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம் என்பார்கள். வருஷத்துக்கு நாலாயிரம் அல்லது ஐயாயிரம் நேபாள ரூபாய் பேசுவார்கள். 2000-ஆம் வருஷத்துக் கணக்கில் நாலாயிரம் என்பது நம் பணத்தில் ஏறக்குறைய இருநூறு வெள்ளி. அதையும் ஒழுங்காகக் கொடுக்காதவர்கள் இருந்தார்கள். பிள்ளை எந்த ஊருக்குப் போனாள், எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதே பல தாய்மாருக்குத் தெரியாது. விடியுமுன் எழுந்து பாத்திரம் கழுவி, வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, இரவு எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்டு, தரையில் படுப்பாள். அடி உண்டு, வெளியே சொல்ல முடியாத கொடுமைகளும் உண்டு. எடுத்துப் போனவர்கள் எல்லோரும் காட்டுமிராண்டிகள் என்று எண்ணாதீர்கள். உத்தியோகஸ்தர் வீடு, உபாத்தியாயர் வீடு, நம்மைப் போன்ற வியாபாரிகளின் வீடு, இவைகளிலும்தான் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள்.

பருவம் உண்டு, தரகன் உண்டு, விலை உண்டு, தவணை உண்டு. ஆகவே இது ஒரு வியாபாரந்தான். வியாபாரத்தை வெறும் உபதேசத்தால் நிறுத்த முடியாது என்பதைக் கண்டு பிடித்தவர்கள் செய்த காரியமே இக்கட்டுரையின் முக்கிய விஷயம்.

ஓல்கா மர்ரே என்று அமெரிக்காவில் வக்கீலாக உத்தியோகம் பார்த்த அம்மையார் ஒருவர். 1984-ல் சுற்றிப் பார்க்க நேபாளம் போனவர், 1990-ல் அந்நாட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். 2000-ஆம் வருஷம் தாங் ஜில்லாவில் அவரும் அங்குள்ள நேபாள ஊழியர்களும் சேர்ந்து வீடு வீடாய்ப் போய்த் தகப்பன்மாரிடம் பேசினார்கள். பிள்ளையை விற்பது பாவம் என்று சொல்லிவிட்டு எழுந்து வரவில்லை. “பெண்ணை அனுப்பினால் உனக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்டார்கள். அந்தத் தொகைக்கு ஈடு கட்டுவதுபோல் ஒரு பன்றிக்குட்டியோ ஆட்டுக்குட்டியோ கொடுத்தார்கள். வருஷ முடிவில் அதை வளர்த்து விற்றால், பெண்ணுக்குக் கிடைத்திருக்கக்கூடிய கூலி அதில் கிடைத்துவிடும். பெண்ணின் பள்ளிச் செலவை ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. இரவில் படிக்க விளக்கும் மண்ணெண்ணெயும் கொடுத்தது.

பன்றிக்குட்டி என்றதும் நம்மவர் சிலர் முகம் சுளிக்கலாம். தாரு மக்களுக்கு அது வீட்டு வளர்ப்பு, அது அவர்கள் பாடு. எனக்கு நினைவு வந்தது உஸ்தாத் சொன்ன வரிசைதான். எங்கள் பாடத்தில் பன்றியும் மனிதனும் விற்கத் தகாதவை என்று சேர்ந்தே வந்தார்கள். அந்த நாட்டிலோ மனிதப் பிள்ளையை விலையிலிருந்து மீட்க ஒரு பன்றிக்குட்டி போதுமானதாக இருந்தது. அவ்வளவு மலிவு! நம் கிட்டங்கியில் எலியும் வண்டும் ஒரு வருஷத்தில் தின்பதைக் கணக்குப் பார்த்தால் அதைவிடக் கூடுதலாகவே வரும்.

இந்த வழியில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மீட்கப்பட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து வந்த உதவியே எல்லாம் செய்தது என்று எண்ணினால் தவறு. திரும்பி வந்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. பதினைந்து வயதுப் பெண்கள் வெட்கத்தை விட்டுச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து அகர வரிசை படித்தார்கள். மாகி நெருங்கும்போது ஊர் ஊராகப் போய்த் தெருநாடகம் போட்டார்கள். தரகன் வேஷமும், அழுகிற தாய் வேஷமும், அடிக்கிற எஜமானி வேஷமும் அவர்களே கட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த தகப்பன்மார் தலைகுனிந்தார்கள். பஸ் நிலையங்களில் நின்று, சிறு பெண்களைக் கூட்டிப் போகிறவர்களை மறித்துக் கேட்டார்கள். கூட்டுறவுச் சங்கம் வைத்துச் சிறுகச் சிறுகச் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக் கடை கண்ணி வைத்தார்கள். 2010-ல் விடுதலை பெற்ற கம்லரிகளுக்கென்று தனி அமைப்பே உண்டாயிற்று. அதற்குத் தலைமை தாங்கிய உர்மிளா சௌதரி, ஆறு வயதில் வேலைக்கு விடப்பட்டவர். எட்டு வயதிலிருந்து பதினெட்டு வருஷம் கம்லரியாக உழைத்த சாந்தா சௌதரி 2008-ல் அந்நாட்டு அரசியல் நிர்ணய சபைக்கு அங்கத்தினராகவே போனார்.

சட்டம் இவர்களுக்குப் பின்னால்தான் நடந்து வந்தது. 2006-ல் நேபாளத்து உச்ச நீதிமன்றம் இவ்வழக்கம் சட்ட விரோதம் என்று தீர்ப்புச் சொல்லியும், பெரிய வீடுகளில் வேலை நடந்துகொண்டேதான் இருந்தது. 2013-ல் தலைநகருக்குப் பக்கத்து வீடொன்றில் வேலை செய்த 12 வயதுப் பெண் தீக்காயத்தால் இறந்தாள். தற்கொலை என்று போலீஸார் சொன்னதைக் கம்லரிப் பெண்கள் ஏற்கவில்லை. தெருவில் இறங்கினார்கள், தடியடி பட்டார்கள், தராயில் பெருஞ்சாலைகளை மறித்தார்கள். அதன் பிறகே, அவ்வருஷம் ஜூன் மாதத்தில், கம்லரி முறை ஒழிந்தது என்று அரசாங்கம் அறிவித்தது. விடுதலையானவர்களின் படிப்புக்கும் பிழைப்புக்கும் அதற்குப் பிறகும் அவர்கள் அலைய வேண்டியதாயிற்று.

நேபாளத்தில் இன்னொரு கொடுமையும் உண்டு. இந்திய எல்லை திறந்த எல்லையாகையால், வேலை வாங்கித் தருகிறேன், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று பெண்களை அழைத்துப் போய் இந்திய நகரங்களின் விபசார விடுதிகளில் விற்றார்கள். அதைத் தடுக்க 1993-ல் அனுராதா கொய்ராலா என்ற பள்ளி உபாத்தியாயினி தொடங்கிய ஸ்தாபனத்துக்கு மைத்தி நேபாள் என்று பெயர். மைத்தி என்றால் கல்யாணமான பெண்ணுக்குத் தாய்வீடு. எல்லையில் நின்று கண்காணிப்பவர்களில், தாங்களே விற்கப்பட்டு மீண்டு வந்த பெண்களும் உண்டு. ஏமாற்றுகிறவனின் பேச்சு அவர்களுக்குச் சட்டென்று விளங்கும் அல்லவா?

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். நாம் கடை வைத்திருக்கும் இதே ஊர்களில் ஏழைச் சீனக் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் மூய் சாய் என்ற பேரில் பணக்கார வீடுகளுக்குக் கைமாறினார்கள். அதைக் கட்டுப்படுத்த 1932-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. மலேசியாவில் ஆள் கடத்தலுக்கு எதிரான சட்டம் 2007-ல் வந்தது.

இனி, எழுதக் கூச்சமாயிருந்தாலும் ஒன்றை எழுதிவிடுகிறேன். ஊரில் என் பெரியம்மா வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவளாக இருப்பாள். தூரத்துச் சொந்தம், தகப்பன் இல்லாத பிள்ளை, “நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி” என்பார்கள். பகல் சாப்பாட்டை என் பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் தூக்கி வருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை வேப்பமரத்தடியில் நின்று, உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பதினாறாம் வாய்ப்பாடு எனக்குத் தடுமாறியபோது அவள் வெளியிலிருந்தபடியே சொல்லிக் கொடுத்தாள். என் பெரியம்மா கெட்டவர்கள் அல்லர். பெருநாளைக்குத் துணி எடுத்துக் கொடுத்தார்கள், கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அவளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நேபாளத்துத் தம்பி கல்லா முன் நின்று தங்கச்சியைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அந்த வேப்பமரந்தான் கண்ணில் நின்றது.

ஆகவே என் யோசனை இது. நமது சங்கம் பள்ளி திறக்கும் காலத்தில் கல்வி உதவி வழங்குகிறது. நல்லது. அதோடு, ஊரில் ஒரு பெண் படிப்பை விடப்போகிறாள், வேலைக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது என்று அங்கத்தினர் காதில் விழுந்தால், விண்ணப்பம் வரட்டும் என்று காத்திராமல், எத்தனை வெள்ளிக்காக அவள் போகிறாள் என்பதை அந்த வீட்டிலேயே கேட்டறிந்து அதைக் கட்ட ஒரு சிறு நிதி ஒதுக்க வேண்டும். முதல் வருஷத்துக்கு என் கடையிலிருந்து ஒரு பெண்ணுக்கு உண்டான தொகையைக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். நம் வீடுகளுக்கு உதவிக்கென்று ஊரிலிருந்து சிறு பெண்ணை வரவழைக்கும் பேச்சு வந்தால், அவளுக்கு எந்தப் பள்ளி என்று முதலில் கேட்போம். பதில் இல்லையென்றால் பெண் வேண்டாம் என்போம்.

அந்த டிசம்பரில் சாமான் கணக்கை நிறுத்தி வைக்க மாமா சம்மதித்தார். பணம் பெருநாளுக்கு முன் போய்ச் சேர்ந்தது, தங்கச்சி போகவில்லை. மூன்று மாதத்தில் தம்பி பாக்கியை அடைத்துவிட்டார். ஊருக்குத் திரும்பும்போது நம் கடையில் நீளக் கணக்குப் புத்தகம் இரண்டு வாங்கினார். யாருக்கென்று கேட்டேன். தங்கச்சி கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறாள் என்றார்.